குட்டி இன்ஜின் சொல்லிக் கொடுத்த கணக்கு

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "படம் பார்க்கிறோம், பாட்டுக் கேட்கிறோம், பையன் கேம்ஸ் ஆடுகிறான். இதைத் தவிர வீட்டில் இதை வைத்து உருப்படியாக என்னதான் செய்வது?" இதற்குப் பதிலாக, சென்ற மழைக்காலத்தில் எங்கள் குடும்பத்தில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். கம்ப்யூட்டர் வாங்கிய பணத்தை அந்த ஒரே மாதத்தில் அது திருப்பித் தந்துவிட்டது. அதற்கு உதவியது, நூறு வருடத்துக்கு முன் ஓடிய ஒரு குட்டி பெட்ரோல் ரயில் இன்ஜின்!

திருமுடிவாக்கத்தில் வழுக்கிய சக்கரம்

என் அக்கா வீட்டுக்காரர் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையில் சின்னதாக ஒரு பவுண்டரி வைத்திருக்கிறார். அவரை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். உள்ளே ஷெட்டில் வார்த்த இரும்புக் காஸ்டிங்குகளை வாசலில் நிற்கும் லாரிக்குக் கொண்டுபோக 50 மீட்டருக்குத் தண்டவாளம் போட்டு, மேலே ஒரு டிராலி விட்டிருக்கிறார். நான்கு பேர் சேர்ந்து தள்ளுவார்கள்.

நம் ஊர்ச் சாலைகளைப் பற்றி உங்களுக்குத் தெரியும். பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே புதிதாகப் போட்டுப் போட்டு, வாசல் பக்கம் உயர்ந்துவிட்டது. லாரிக்கு ஏற்றபடி தண்டவாளத்தையும் உயர்த்த வேண்டியதாயிற்று. மேட்டில் டிராலியைத் தள்ளுவது பெரும்பாடு. ஒரு மழை நாளில் டிராலி பின்னால் உருண்டு வந்து ஒரு தம்பியின் கால் விரலை நசுக்கிவிட்டது. அன்றைக்கே மாமா முடிவு செய்துவிட்டார், இனி ஆள் தள்ளக்கூடாது என்று.

பட்டறையிலேயே ஒரு குட்டி இழுவை வண்டி செய்தார்கள். நான்கு சக்கரம், 3 குதிரைத்திறன் எலெக்ட்ரிக் மோட்டார், கியர் பாக்ஸ், பின் ஆக்ஸிலுக்கு ஒரு சங்கிலி. மொத்த எடை 300 கிலோ. காலி டிராலியை அழகாக இழுத்தது. லோடு ஏற்றியதும் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை.

பார்க்க வந்த ஆள், "மோட்டார் பத்தலை சார். ஏழரை எச்.பி. போட்டா பிச்சிக்கிட்டுப் போகும்" என்று சொல்லி, மோட்டார், கியர் பாக்ஸ், பேனல் எல்லாம் சேர்த்து 75 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு கொட்டேஷன் கொடுத்தார். மாமா அட்வான்ஸ் கொடுக்கவே தயாராகிவிட்டார். "ரெண்டு நாள் பொறுங்க மாமா, நான் பார்த்துச் சொல்றேன்" என்றேன். "நீ வீட்ல கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்துக்கிட்டு என்னப்பா பார்க்கப் போற?" என்றார்.

தேடும்போது ஒரு சூட்சுமம்

பம்மலில் என் வீட்டுக்கு வந்து கம்ப்யூட்டரைப் போட்டேன். கூகுளில் 'ஸ்மால் லோகோமோட்டிவ்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து என்டர் தட்டினால் வந்து குவிந்ததெல்லாம் பொம்மை ரயில் விளம்பரம். இந்த இடத்தில் புதியவர்கள் சோர்ந்துபோய்விடுவார்கள். மூன்று விஷயங்களை நினைவில் வையுங்கள்.

ஒன்று, வேண்டாத வார்த்தைக்கு முன்னால் இடைவெளி விடாமல் மைனஸ் குறி போடுங்கள். 'டாய்' என்ற ஆங்கில வார்த்தைக்கு முன் மைனஸ் போட்டதும் பொம்மைகள் பெரும்பாலும் காணாமல் போயின.

இரண்டு, சேர்ந்தே வரவேண்டிய வார்த்தைகளை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள்.

மூன்றாவதுதான் முக்கியம். ஒரே பொருளுக்கு ஊருக்கு ஊர் பெயர் வேறு. நாம் பெட்ரோல் என்பதை அமெரிக்கர்கள் கேசோலின் என்கிறார்கள். 'பெட்ரோல் லோகோமோட்டிவ்' என்று தேடினால் இங்கிலாந்து இன்ஜின்கள் வரும். 'கேசோலின் லோகோமோட்டிவ்' என்று தேடினால் அமெரிக்க இன்ஜின்கள் வரும். தொழிற்சாலைகளில் ஓடிய இந்தக் குட்டி இன்ஜின்களுக்கு அமெரிக்க ரயில் ரசிகர்கள் 'கிரிட்டர்' என்று செல்லப் பெயரும் வைத்திருக்கிறார்கள்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் என்ற தளத்துக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். நூறு வருடத்துக்கு முந்தைய இன்ஜினியரிங் பத்திரிகைகளும் விலைப் பட்டியல்களும் அங்கே ஸ்கேன் செய்து வைக்கப்பட்டிருக்கின்றன. காசு கொடுக்காமல் படிக்கலாம்.

ஸ்டீம் இருக்கும்போது பெட்ரோல் எதற்கு?

தேடியதில் கிடைத்த கதை சுவாரஸ்யமானது. ரயில் என்றாலே நமக்குப் பயணிகள் ரயில்தான் ஞாபகம் வரும். ஆனால் பல ஊர்களில் முதலில் வந்தது சரக்கை நகர்த்தும் சின்னத் தடங்கள்தான். நம் சென்னையிலேயே 1837ல் செங்குன்றம் பக்கமிருந்து சாலை போடக் கல் கொண்டுவர ஒரு ரயில் பாதை போட்டார்கள். பம்பாய் - தானா பயணிகள் ரயில் ஓடியது 1853ல்தான்.

கல்குவாரி, செங்கல் சூளை, சுரங்கம், கரும்புத் தோட்டம் என்று உலகமெங்கும் இப்படிப்பட்ட குட்டித் தடங்கள் ஆயிரக்கணக்கில் இருந்தன. மனிதர்கள் தள்ளினார்கள், குதிரையும் கோவேறு கழுதையும் இழுத்தன. வசதியுள்ள இடங்களில் நீராவி இன்ஜின் வந்தது. ஆனால் நீராவி இன்ஜினை நினைத்தவுடன் ஓட்ட முடியாது. விடியற்காலையில் எழுந்து நெருப்புப் போட்டு, தண்ணீர் கொதித்து நீராவி சேரும்வரை காத்திருக்க வேண்டும். ஓட்ட ஒருவர், கரி போட ஒருவர். வேலை இல்லாமல் நிற்கும்போதும் கரி எரிந்துகொண்டே இருக்கும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு வண்டி மண் இழுக்கும் இடத்தில் இது கட்டுப்படியாகுமா?

இந்த இடத்தில்தான் பெட்ரோல் இன்ஜின் நுழைந்தது. கைப்பிடியைச் சுழற்றி ஸ்டார்ட் செய்யலாம், வேலை முடிந்ததும் அணைத்துவிடலாம், ஓட்ட ஒரே ஆள் போதும். அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் விட்கோம்ப் நிறுவனம் 1906ல் நிலக்கரிச் சுரங்க வேலைக்கு ஒரு பெட்ரோல் இன்ஜினைச் செய்து கொடுத்தது. ஒஹையோ மாநிலம் பிளிமத் ஊரில் செங்கல், களிமண் இயந்திரங்கள் செய்துகொண்டிருந்த ஜே.டி. ஃபேட் நிறுவனமும் 1910களில் இதில் இறங்கியது. அதன் இன்ஜின்கள் ஊர்ப் பெயராலேயே 'பிளிமத்' என்று புகழ்பெற்றன. அன்றைய பிரிக்கப்படாத இந்தியாவில் கராச்சி நகரில், 1885ல் தொடங்கிய டிராம் சர்வீஸ் 1910 வாக்கில் குதிரையிலிருந்து பெட்ரோலுக்கு மாறத் தொடங்கியது.

பெரிய கம்ப்யூட்டர்கள் ஏ.சி. அறையில் இருக்க, அதைச் சுற்றி ஆபரேட்டர்கள் நின்ற காலம் ஒன்று இருந்தது. பிறகு மேஜை மேல் வைக்கும் கம்ப்யூட்டர் வந்தது. சக்தி குறைவுதான், ஆனால் ஸ்விட்சைப் போட்டால் தயார். ரயிலில் இதே மாற்றத்தைச் செய்தது இந்தக் குட்டி பெட்ரோல் இன்ஜின்.

போர்முனைக்குப் போன சிம்ப்ளெக்ஸ்

இவற்றில் எனக்கு மிகவும் பயன்பட்டது சிம்ப்ளெக்ஸ் என்ற இங்கிலாந்து இன்ஜின். செய்தது 1911ல் தொடங்கிய மோட்டார் ரெயில் நிறுவனம். முதல் உலகப் போரில் பதுங்கு குழிகளுக்குக் குண்டும் உணவும் கொண்டுபோக, 600 மில்லிமீட்டர் அகலத்தில் மெல்லிய தண்டவாளம் போட்டிருந்தார்கள். நீராவி இன்ஜின் போனால் பகலில் புகையையும் இரவில் நெருப்பு வெளிச்சத்தையும் பார்த்து எதிரி சுடுவான். அதனால் பிரிட்டிஷ் போர்த்துறை பெட்ரோல் இன்ஜின் கேட்டது. மணிக்கு 5 மைல் வேகத்தில் 10 முதல் 15 டன் வரை இழுக்க வேண்டும் என்பது நிபந்தனை.

வந்த வண்டி 20 குதிரைத்திறன், எடை சுமார் இரண்டரை டன். இரண்டு சிலிண்டர் டார்மன் இன்ஜின். டிரைவர் பக்கவாட்டில் உட்கார்ந்திருப்பார், தலையைத் திருப்பினால் இரண்டு பக்கமும் தெரியும். இன்ஜினைத் திருப்பி நிறுத்த இடமில்லாத தடம் அல்லவா? அதற்காக முன்னால் போனாலும் பின்னால் போனாலும் அதே இரண்டு வேகம் கிடைக்கும்படி கியர் பாக்ஸ் அமைத்திருந்தார்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். கியர் பாக்ஸிலிருந்து முன் ஆக்ஸிலுக்கும் சங்கிலி, பின் ஆக்ஸிலுக்கும் சங்கிலி. நான்கு சக்கரமும் இழுக்கிறது! மாமாவின் வண்டியில் பின் சக்கரம் இரண்டு மட்டும்தானே இழுக்கிறது? இன்னொன்றும் உறைத்தது. வெறும் 20 குதிரைத்திறன் இன்ஜினுக்கு எதற்கு இரண்டரை டன் எடை? இதே கம்பெனி 40 குதிரைத்திறனில் செய்த பெரிய வண்டியின் எடை 6 டன். சக்தியைக் கூட்டியபோது எடையையும் கூட்டியிருக்கிறார்கள்.

இப்போது கணக்குப் போடுவோம்

உங்கள் கம்ப்யூட்டரில் எக்ஸெல் இல்லாவிட்டாலும் கவலை வேண்டாம். லிப்ரே ஆபீஸ் இலவசம். அதில் உள்ள கால்க் போதும். திறந்ததும் கட்டம் கட்டமாகத் தெரியும். மேலே ஏ, பி, சி என்று எழுத்துகள், இடது பக்கம் 1, 2, 3 என்று எண்கள். பி என்ற காலத்தில் முதல் கட்டம் பி1, அதற்குக் கீழே பி2. ஏ காலத்தில் பெயரையும் பி காலத்தில் எண்ணையும் டைப் செய்யுங்கள்.

பி1: லோடு, டன் கணக்கில் - 4
பி2: இழுவை வண்டியின் எடை, டன் கணக்கில் - 0.3
பி3: எடையில் எவ்வளவு பங்கு இழுக்கும் சக்கரங்களின் மேல் உள்ளது - 0.5
பி4: தண்டவாளத்தில் சக்கரத்தின் பிடிமானம் - 0.25
பி5: சமதளத்தில் ஒரு டன்னை நகர்த்தத் தேவையான இழுப்பு, கிலோ - 10
பி6: எத்தனை மீட்டர் போனால் ஒரு மீட்டர் ஏறுகிறது - 50

இந்த எண்கள் எப்படிக் கிடைத்தன? இரும்புச் சக்கரம் காய்ந்த இரும்புத் தண்டவாளத்தில் தன் மேல் உள்ள எடையில் சுமார் கால் பங்குக்குத்தான் பிடிக்கும். மழையில் இது இன்னும் குறையும். டிராலியைச் சமதளத்தில் வைத்து, பழைய பேப்பர் கடைக்காரர் வைத்திருப்பது போன்ற தொங்கும் ஸ்பிரிங் தராசை மாட்டி இழுத்துப் பார்த்தோம். 4 டன்னுக்கு 40 கிலோ காட்டியது, ஆக டன்னுக்கு 10. மேட்டை அளக்கக் கொத்தனாரின் தண்ணீர் டியூப் போதுமானதாக இருந்தது. 50 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏற்றம்.

இப்போது பி7ல் 'தேவையான இழுப்பு'. கீழே உள்ளபடி டைப் செய்யுங்கள். பி என்பதை ஆங்கில எழுத்தாக அடிக்க வேண்டும். முதலில் சமக்குறி போட மறக்காதீர்கள். சமக்குறி இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அதைக் கணக்காக எடுத்துக்கொள்ளாது.

=(பி1+பி2)*(பி5+1000/பி6)

ஒரு டன் என்பது 1000 கிலோ. ஐம்பதுக்கு ஒன்று என்ற ஏற்றத்தில், அதில் ஐம்பதில் ஒரு பங்கான 20 கிலோ நம்மைப் பின்னால் இழுக்கும். ஆயிரத்தை பி6ஆல் வகுப்பது அதற்காகத்தான்.

பி8ல் 'சக்கரம் வழுக்காமல் தரக்கூடிய இழுப்பு':

=பி2*1000*பி3*பி4

பி9ல் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்:

=பி8-பி7

என்டர் தட்டியதும் பி7ல் 129, பி8ல் 37.5, பி9ல் மைனஸ் 91.5 என்று வந்தது. தேவை 129 கிலோ, கிடைப்பது 37.5 கிலோ. பி1ல் லோடை அழித்துக் காலி டிராலியின் எடையான 0.8 என்று மாற்றினேன். பி9 நாலரை என்று பிளஸ்ஸில் வந்தது. காலி டிராலி போகிறது, லோடு டிராலி வழுக்குகிறது. பட்டறையில் நடந்ததை அப்படியே கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது!

பி1 முதல் பி6 வரை மறுபடி பாருங்கள். மோட்டாரின் சக்தி என்று ஒரு கட்டமே அதில் இல்லை. ஏழரை என்ன, எழுபத்தைந்து குதிரைத்திறன் போட்டாலும் பி8 மாறாது. சக்கரம் இன்னும் வேகமாக வழுக்கும், அவ்வளவுதான்.

கணக்கு சரியா என்று சோதிப்பது

கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்று கண்ணை மூடிக்கொண்டு நம்பக்கூடாது. விடை தெரிந்த ஒன்றைக் கொடுத்துப் பார்க்க வேண்டும். சிம்ப்ளெக்ஸ் கையில் இருக்கிறதே! எடை 2.5, நான்கு சக்கரமும் இழுப்பதால் பி3ல் 1, லோடு 15. இழுக்கும் திறன் 625 கிலோ என்று வந்தது. ஏற்றத்தை மாற்றி மாற்றிப் பார்த்தேன். நாற்பதுக்கு ஒன்று என்று வைத்தபோது தேவை 612.5 கிலோ. ஆக அப்படிப்பட்ட ஏற்றத்திலும் 15 டன்னை அது இழுத்துவிடும். போர்த்துறை கேட்டதும் அதே 15 டன்தான்.

இன்னொரு சோதனையும் செய்தேன். ஒரு குதிரைத்திறன் என்பது 75 கிலோவை நொடிக்கு ஒரு மீட்டர் நகர்த்தும் சக்தி. 20 குதிரைத்திறனுக்கு 1500. மணிக்கு 5 மைல் என்பது நொடிக்குச் சுமார் 2.2 மீட்டர். வகுத்தால் ஏறக்குறைய 680 கிலோ. கியரிலும் சங்கிலியிலும் கொஞ்சம் வீணாகும். மீதி, வழுக்கும் எல்லையான 625க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இன்ஜினுக்கு ஏற்ற எடை, எடைக்கு ஏற்ற இன்ஜின்! கால்குலேட்டரும் இல்லாத காலத்தில் எவ்வளவு கச்சிதமாகச் செய்திருக்கிறார்கள்.

மாமாவின் வண்டிக்கு வருவோம். பி3ஐ 1 ஆக்கினேன், அதாவது முன் ஆக்ஸிலுக்கும் சங்கிலி. 75 கிலோ வந்தது, இன்னும் போதாது. பி2வை ஏற்றிக்கொண்டே போனேன். 1 டன் ஆனபோது தேவை 150, கிடைப்பது 250. மழைக்காக பி4ஐ 0.15 ஆக்கினால் 150க்கு 150, மயிரிழை. லோடை 3 டன்னாகக் குறைத்தால் தேவை 120 ஆகிவிடுகிறது. 150 கிலோ இழுப்பில் நொடிக்கு அரை மீட்டர் போக வேண்டிய சக்தி வெறும் 1 குதிரைத்திறன்தான். இருக்கிற 3 குதிரைத்திறன் மோட்டாரே தாராளம்.

பிரின்ட் எடுத்துக்கொண்டு போனேன். மாமா இரண்டு தடவை படித்தார். "அப்போ மோட்டார் வேணாம், இரும்பைத் தூக்கி மேல வைன்றியா? பவுண்டரியில இரும்புக்கா பஞ்சம்!" என்று சிரித்தார். ஃபோர்மேன் அண்ணன்தான் நல்ல கேள்வி கேட்டார். "எடை ஏத்துனா ஷாஃப்டும் பேரிங்கும் தாங்குமா தம்பி? இறங்கி வர்றப்ப பிரேக் பிடிக்குமா?" என் ஷீட்டில் இந்த இரண்டும் இல்லை. கம்ப்யூட்டர் நாம் கேட்டதற்குத்தான் பதில் சொல்லும். என்ன கேட்க வேண்டும் என்பது அனுபவசாலிக்குத்தான் தெரியும். பெரிய ஷாஃப்ட், புது பேரிங், டிராலிக்கும் வண்டிக்கும் தனித்தனி பிரேக் என்று அவர் சொன்னதெல்லாம் சேர்ந்தது. 700 கிலோ வார்ப்பிரும்புக் கட்டிகளைப் போல்ட் போட்டு இறுக்கினார்கள். எல்லாம் சேர்த்து கொட்டேஷனில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

இப்போது அந்த வண்டி 4 டன்னோடு மேடு ஏறுகிறது. மழை நாளில் 3 டன்தான் என்று சுவரில் எழுதிப் போட்டிருக்கிறார்கள். அவசரமென்றால் தண்டவாளத்தில் ஒரு கைப்பிடி மணல் தூவுகிறார்கள். ரயில் இன்ஜின்கள் இன்றும் மணல் பெட்டியோடுதான் ஓடுகின்றன. டிராலிக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. விரல் நசுங்கிய தம்பிதான் இப்போது டிரைவர்.

இதைப் படித்துவிட்டு யாராவது பழைய பெட்ரோல் இன்ஜினை மூடிய ஷெட்டுக்குள் பொருத்திவிடாதீர்கள். அதன் புகையில் கார்பன் மோனாக்சைடு என்ற விஷவாயு உண்டு, வாசனையே தெரியாது. ஷெட்டுக்குள் எலெக்ட்ரிக் மோட்டார்தான் நல்லது.

சிம்ப்ளெக்ஸ் இன்ஜின்கள் போர் முடிந்ததும் வேலை இல்லாமல் போய்விடவில்லை. இங்கிலாந்தின் லெய்டன் பஸ்ஸார்டு ஊரில் 1919ல் திறந்த மணல் ரயில் பாதைக்கு அவை வந்து சேர்ந்தன. அங்கே முதலில் வைத்திருந்த நீராவி இன்ஜின்களைச் சில வருடங்களிலேயே விற்றுவிட்டு, மணல் முழுவதையும் இந்தக் குட்டிகளை வைத்தே இழுத்தார்கள். இன்று அந்தப் பாதையை ஆர்வலர்கள் பாதுகாத்து நடத்துகிறார்கள். வீடியோக்களில் சிம்ப்ளெக்ஸ் ஓடும் சத்தத்தையும் கேட்கலாம்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு கேள்வி இருக்கும். மொட்டை மாடித் தொட்டிக்கு எத்தனை குதிரைத்திறன் பம்பு, கடைக்கு எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர் என்று எதுவாகவும் இருக்கலாம். விற்பவர் சொல்லும் எண்ணை வாங்கிக்கொள்வதற்கு முன் ஆறு கட்டத்தில் ஆறு எண்ணைப் போட்டுப் பாருங்கள். விடை தெரிந்த ஒன்றை வைத்துச் சோதியுங்கள். பிறகு வேலை தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள். அதற்கப்புறம் பணத்தை எடுத்தால் போதும்.